ஒரே ஒரு பண்டம்

“ஒரே ஒரு பண்டம்தான் உள்ள விடுவாங்களாம். பையனுக்கு என்ன கொண்டுபோகலாம், சொல்லுங்க” என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைத் தையல் மிஷின் மேல் வைத்தாள் அவள்.

‘சும்மா ஒரு வாய்’ என்பது அந்தக் குழுவின் பெயர். போனில் வார்த்தை விளையாட்டு ஆடப்போய் ஒட்டிக்கொண்ட நாலு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தின்பண்டமும் அன்றன்றைய செய்தியும்தான் பேச்சு. சட்டை தைக்கிற இவளுக்கு அங்கே ‘ஊசி அக்கா’ என்று பெயர். இந்த நாலு வருஷத்தில் இவள் கூச்சமில்லாமல் சிரித்த இடம் அது ஒன்றுதான்.

முதலில் குதித்தவன் டயர் கடைக்காரன். “ஹாஸ்டலாக்கா? கேக் கொண்டுபோங்க. வார்டன் பாதியை முழுங்கினாலும் பாதி மிஞ்சும்.”

“கேக் வேணாம்டா. வெட்டக் கத்தி கொண்டுபோகக் கூடாது.”

“கத்தி கூடாதா? பசங்க அவ்வளவு நல்லவங்களா!” என்றாள் நர்ஸ். கூடவே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

“பையனுக்கு என்ன வயசு?” என்று கேட்டாள் டீச்சர்.

“இருபத்தொம்பது.”

“அடேயப்பா! இன்னுமா பாஸ் பண்ணலை?”

“மக்குப் பையன்” என்று எழுதினாள்.

“சின்ன வயசுல எதுக்கு அடம்பிடிப்பானோ அதையே கொண்டுபோங்க. வேற யோசனையே வேணாம்” என்று டீச்சர் முடித்துவைத்தாள்.

அவளுக்கு டின் பால், அந்தக் கெட்டியான இனிப்புப் பால், ஞாபகம் வந்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது. காலி டின்னுக்குள் கையை விட்டு வழித்ததில், விளிம்பு பட்டு விரல் கிழிந்துவிட்டது. ரத்தத்தையும் சேர்த்து நக்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தான். அடிக்கக் கை ஓங்கியவள் சிரித்துவிட்டாள்.

“டின் பால்தான்” என்று எழுதினாள். “ஆனா டின்னோட விடமாட்டாங்க. பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்தணும். ஸ்பூனும் கூடாது.”

“அப்புறம் எப்படிக்கா சாப்பிடுவான்?”

“விரலால வழிச்சுத்தான்.”

“படிப்பு ஏறாததுக்குக் காரணம் இப்பத்தான் புரியுது!” என்றான் டயர்.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பண்டம் அறிவிப்பது அவன் வழக்கம். அன்றைக்கும் ஆரம்பித்தான். “பெட்ரோல் மறுபடி ஏறிடுச்சு, அதுக்கு வெறும் ரொட்டி. மழை வரும்னு சொல்லி ஏமாத்திட்டாங்க, அதுக்குப் பிஸ்கட். அந்த நகைக்கடைக் கொலைகாரனோட கருணை மனுவைத் தள்ளிட்டாங்க, நாளைக்குத் தூக்கு. அதுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம். மந்திரி மேடையில வழுக்கி விழுந்தாரு, அதுக்கு மிட்டாய்.”

“ஐஸ்கிரீம் எனக்கு ரெண்டு” என்றாள் நர்ஸ்.

“எனக்குச் சாக்லேட்” என்றாள் டீச்சர். “ஊசி அக்கா, உங்களுக்கு?”

டப்பாவில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தவள், பிசுபிசுத்த விரலாலேயே “வெனிலா” என்று தட்டினாள். பிறகு அடுத்தவர்கள் போட்டதைப் போலவே ஒரு சிரிப்பு முகமும் போட்டாள்.

இரண்டு பஸ் மாறிப் போகவேண்டியிருந்தது. வழியெல்லாம் டப்பாவை மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். மகனைப் பார்த்து ஏழு மாதமாகிறது. இளைத்திருப்பானோ, முடியை ஒட்ட வெட்டியிருப்பார்களோ என்று என்னென்னவோ ஓடியது. பக்கத்தில் இருந்த பெண் பேச்சுக்கொடுத்தபோது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் வரிசை இல்லை. போனைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கும்போது அது ஒருமுறை அதிர்ந்தது. டயர்தான். “பையனை நாங்க எல்லாரும் கேட்டதாச் சொல்லுங்கக்கா. நல்லா வருவான்.”

படித்துவிட்டு அணைத்தாள். போனை வாங்கிய ஆள், திரும்ப வாங்க அடையாளமாக ஒரு தகட்டு வில்லையை அவள் கையில் வைத்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார், குச்சியால் அடிவரை கிளறினார், மூடித் திருப்பிக் கொடுத்தார். நோட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கும்வரை அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அதில் அவள் பெயருக்கு எதிரே ‘தாய்’ என்று இருந்ததைப் பார்த்ததும் எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“முக்கால் மணி நேரம் இருந்துட்டு வாங்கம்மா. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இதே வாசலுக்கு வந்தீங்கன்னா, உடம்பைக் குடுத்துடுவோம்.”