குறுக்கே நின்ற வெள்ளைக் கார்

அனந்த் சார் வீட்டு மாடியில் பெரிய பொம்மை ரயில் ஓடும். அதற்கு ஒரு விபத்துக் காட்சி செய்து தரச் சொல்லியிருந்தார். செய்தேன். ரயில் பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. அங்கே போகும் சந்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதற்கு முன்னால், குறுக்கே ஒரு வெள்ளைக் கார்.

அக்காவுக்கு எந்த நேரமும் பிரசவ வலி வரலாம். என் காதெல்லாம் தெருக்கோடியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கமே இருந்தது.

சார் கத்தினார். “டிகிரி முடிச்சவதானே நீ? கார் இப்படி நின்னா ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?”

“போகாது சார்.”

“எந்த மடையன் இப்படி நிறுத்துவான்?”

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிறுத்துறாங்க சார். கிரிவலம் வர்றவங்க வண்டி தெருவுக்குள்ள வரக் கூடாதுன்னு.”

“மனுஷனா அவன்? உயிர் போயிட்டா? எடு அதை!”

சைரன் அலறியது.

“சத்தம் வேற வச்சியா? நிறுத்தும்மா!”

“நான் சத்தமே வைக்கலை சார். ஜன்னல்ல பாருங்க. உங்க காருக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ், இந்தப் பக்கம் எங்கக்கா. காரை எடுங்கன்னு காலையில வாயால சொன்னேன், காதுல ஏறலை. அதான் பொம்மையா வச்சேன். சாவியைக் குடுங்க!”