சக்கைத் தண்ணீர்

அணைக்குள் கிடந்த நீர்த்துளிக்கு ஒரே கிலி. "கரண்டு எடுத்துட்டா நீ வெறும் சக்கை. நெல்லுக்குக்கூட ஆகமாட்டே" என்று கரையில் இருந்த தவளை சொல்லியிருந்தது.

அன்று மதகு திறந்தது. துளி பெரிய குழாய்க்குள் தலைகுப்புற விழுந்து, அடியில் இருந்த சக்கரத்தில் மோதியது. சக்கரம் கிறுகிறுவென்று சுழன்றது.

"அண்ணே, என் சத்தையெல்லாம் எடுத்துட்டீங்களா?"

"உன் சத்து எனக்கெதுக்கு? நீ விழுந்த வேகம் போதும். ஓடு, பின்னால கூட்டம் வருது!" என்றது சக்கரம்.

துளி நம்பாமலே வாய்க்கால் வழியாக வயலுக்குப் போனது. அங்கே ஒரு நாற்று வேரால் தொட்டுப் பார்த்து, "அமிர்தம்!" என்றது. துளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்தில் கழுத்தளவு நீரில் ஒரு வயல் தவளை சுகமாகக் கண்ணை மூடியிருந்தது. "இதுவல்லவா தண்ணி!" என்றது அது. "கரண்டு எடுத்த சக்கையா இருந்தா எனக்குத் தெரியாதா?"