சின்ன எழுத்து

அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்ட பிறகுதான் மாமனார் வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, இது உங்க அத்தைக்குத் தெரியக் கூடாது. என் பொண்ணுக்கும்தான். தெரிஞ்சா மானம் போயிடும்."

மருமகன் தலையாட்டிவிட்டு, தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையை நாற்காலிக்கு அடியில் வைத்தான். தொலைபேசியில் அழைத்த அரை மணி நேரத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றிருந்தான்.

மாமனார் மேஜைமேல் இருந்த லேப்டாப்பைத் திறந்தார். திரையின் வலது மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பியது. 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள். நீங்கள் பார்த்த தளங்களின் பட்டியல் வெளியே கசிகிறது.' அதை மூடுவதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் 'டிங்' என்று ஒரு சத்தம் வேறு.

"மூணு வாரமா இதே கூத்து. நேத்து உங்க அத்தை, என்ன மணியடிக்குதுன்னு வந்து எட்டிப் பாத்தா. பட்டுன்னு மூடிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். மருமகனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

"ஏதாவது பாத்தீங்களா, மாமா?"

"ஏதாவதுன்னா?"

"இல்ல... கண்ட கண்ட தளம்..."

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

"அட, விடுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. யாருக்கு வேணும்னாலும் நடக்கும்." மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன். விளக்கிச் சொல்ல ஆள் கிடைத்தால் அவனுக்கு முகமே மாறிவிடும்.

"முதல்ல, இது வைரஸே இல்ல. தெருவுல போற ஒருத்தன் உங்க வாசல்ல நின்னு, 'வீட்டுக்குள்ள பாம்பு'ன்னு கத்துறான்னு வெச்சுக்கோங்க. அவன் உள்ள வந்து பாக்கவே இல்ல. கையில பாம்பு பிடிக்கிற குச்சி வெச்சிருக்கான், அதை விக்கணும். அவ்வளவுதான்."

"பதறிப்போய் அந்தச் சிவப்பைத் தொட்டுட்டா?"

"கதவைத் திறந்து, வாப்பான்னு கூப்பிட்ட மாதிரி. தொடவே கூடாது."

"சரி, வாசல் வரைக்கும் எப்படி வந்தான்?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம்." மருமகன் முன்னால் சாய்ந்தான். "ஏதோ ஒரு தளத்துக்குப் போறோம். 'உங்களுக்குத் தகவல் அனுப்பலாமா'ன்னு ஒரு சின்னப் பெட்டி வரும். இதை அழுத்தினாதான் மேல போக முடியும்னு பக்கத்துலயே அம்புக்குறி போட்டு ஏமாத்துவான். அவசரத்துல இருக்கிறவன் யோசிக்காம 'அனுமதி'யை அழுத்திடுவான். அப்புறம் அந்தத் தளத்தை மூடினாலும் இவன் மூலையில வந்து கத்திக்கிட்டே இருப்பான். நாமளே குடுத்த அனுமதி."

"அவசரத்துல இருக்கிறவன்..." என்று மாமனார் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "போன மாசம், உங்க ஆபீஸ் லேப்டாப் ரிப்பேர்னு ரெண்டு நாள் இதுல உக்காந்திருந்தீங்களே, அதுவரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு."

கதவு தட்டப்பட்டது. "தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள அப்படி என்ன ரகசியம்? மாப்பிள்ளைக்கு ஆபீஸுக்கு நேரமாகல?" மாமியாரின் குரல்.

"வைத்தியம் நடக்குது. நோயாளிக்குக் கூச்சம். நீ போ," என்றார் மாமனார்.

மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். "அந்தக் கூச்சம்தான் மாமா அவனுக்கு மூலதனமே. வெட்கத்துல நாம யார்கிட்டயும் கேக்க மாட்டோம்னு அவனுக்குத் தெரியும். வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டாலே பாதி பாரம் போயிடும்."

"போயிடுமா?"

"கண்டிப்பா போயிடும்."

"சரி. இதை அனுப்புறது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"ரொம்பச் சுலபம். மேல எவ்வளவு பெருசா பயமுறுத்தினாலும், அடியில சின்ன எழுத்துல எந்தத் தளத்துலேருந்து வருதுன்னு இருக்கும். அதை மட்டும் அவனால மறைக்க முடியாது."

அடுத்த மணிச் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். 'டிங்.' மருமகன் குனிந்து, பாடம் நடத்துகிற குரலில் உரக்கப் படித்தான்.

"உடனடி வேலை, நாற்பது வயதுக்கு மேல், டாட்..."

குரல் அங்கேயே நின்றது.

அவசர அவசரமாகக் கணினியின் அமைப்புகளுக்குள் போய், அனுமதிப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கினான். இரண்டு முறை தவறான இடத்தில் விரல் பட்டது. "யாரோ... தெரியாம அழுத்தியிருக்காங்க, மாமா. இனிமே வராது."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் ரிட்டையராகி ஆறு வருஷமாச்சு. எனக்கு இனிமே யாரு வேலை குடுக்கப் போறா? உங்க அத்தைக்கு இதைத் திறக்கவே தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சின்ன எழுத்தை நான் முதல் நாளே படிச்சுட்டேன், மாப்பிள்ளை."

மருமகன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் பார்ப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

மாமனார் குனிந்து, நாற்காலிக்கு அடியில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். காலையில் அவருடைய மகள் கட்டிக் கொடுத்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

"தினமும் இதை எங்க உக்காந்து சாப்பிடறீங்க?"