எல்லோரும் ஜாக்கி

செம்மறியாட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் தேநீர் வேளை. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் ஊசி ஊசியாக இறங்குகிறது. செம்பட்டை முடி ரெக்ஸுக்கு இங்கே ‘நீலன்’ என்று பெயர். நெட்டை செல்வினுக்குக் ‘குட்டையன்’. எல்லாம் தலைகீழாகப் பேர் வைக்கும் தோழமைக் கேலி. அந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்த, தலை நரைத்த லெஸ்டர் மட்டும் ‘ஜாக்கி’.

“ஜாக்கி, கெட்டிலை இப்படித் தள்ளுடா,” என்கிறான் ரெக்ஸ். சமையற்காரி மெர்ல் கரண்டியை நங்கென்று வைக்கிறாள். “போன வருஷம் வந்தவரும் ஜாக்கி, அதுக்கு முந்தின வருஷத்துக்காரரும் ஜாக்கி. கறுப்பரா பொறந்தா எல்லாருக்கும் ஒரே பேருதானா?” “தமாசுக்குத்தான் மெர்ல். எனக்கும்தான் பட்டப்பேரு இருக்கு.” “உன்னது உன்னைப் பாத்து வெச்சதுடா. அவரை யாரு பாத்தீங்க? ஆண்டவரே ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு, உனக்கு வாய் வலிக்குதா?” மெர்ல் தன் குவளையையே நிரப்பி நீட்டுகிறாள். “லெஸ்டர், சூடா இருக்கு, பாத்துக் குடிங்க.” கம்பளிப் பிசுக்கு படிந்த இரு கைகளாலும் அவர் அதை வாங்குகிறார். ரெக்ஸ் எழுந்துபோய்க் கெட்டிலைத் தானே எடுத்துக்கொள்கிறான்.