மணி அடிப்பதற்குள்

"விழுறதுன்னா பக்கவாட்டுல விழுங்க அக்கா. மல்லாக்க விழுந்தா எழுந்திரிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

ஸ்டெய்னார் சொன்னதைக் கேட்டு, பனியில் கிடந்த அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தாள். ஐம்பது வயதிருக்கும். சிவப்புக் கம்பளித் தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. காலில் மாட்டிய ஸ்கீ பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடந்தன.

"ரெண்டு பலகையையும் தூக்கி ஒண்ணா சேருங்க. அப்படியே உருண்டு முட்டி போடுங்க. ஆங், அவ்வளவுதான்."

"நின்னுட்டேன் தம்பி. பாருங்க, நின்னுட்டேன்."

"நார்வேயில பொறந்துட்டு ஸ்கீ தெரியாதா? வெளியில சொல்லாதீங்க, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிடுவாங்க."

"நான் மேற்குக் கடற்கரைத் தீவுக்காரி. எங்க ஊர்ல விழுற பனி காபி ஆறுறதுக்குள்ள உருகிடும். இங்க வந்தே ஒரு வாரம்தான் ஆச்சு. பேரு போர்கில்ட். பதினோரு மணிக்குள்ள மேல கோயிலுக்குப் போயாகணும். போயிடுவேனா?"

ஸ்டெய்னார் மலையை நிமிர்ந்து பார்த்தான். உச்சியில், ஸ்கீயில் வருபவர்களுக்காகவே கட்டிய சின்ன மரக் கோயில். ஞாயிறுதோறும் அங்கே ஆராதனை, அது முடிந்ததும் காபியும் வாஃபிளும். அவனுக்கு அது ஒரு மூச்சு தூரம். இந்த அம்மாளுக்கோ அடுத்த வளைவே அடுத்த ஊர் மாதிரி.

"எதுக்கு அக்கா அவசரம்? லேட்டாப் போனா பிரசங்கம்தான் போகும். அது லாபம். பல வருஷமா நான் கடைசிப் பாட்டுக்குத்தான் வாசல்லயே போய் நிப்பேன். அதுக்கப்புறம் சுடச்சுட வாஃபிள், மேல பழுப்புப் பாலாடைக்கட்டி."

"பிரசங்கம் அவ்வளவு மோசமா?"

"பழைய பாதிரியார் ஆரம்பிச்சா மெழுகுவர்த்தியே தூங்கிடும். இப்ப யாரோ புதுசா வந்திருக்காங்களாம். யாரா இருந்தா என்ன, பேச்சு ஒரே நீளம்தான்."

போர்கில்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்திலிருந்த உற்சாகத்தைப் பார்த்து, அதைக் கெடுப்பானேன் என்பதுபோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"இருந்தாலும் மணி அடிக்கிறதுக்குள்ள போகணும் தம்பி. நிறைய பேர் எனக்காகக் காத்திருப்பாங்க."

"பனி வண்டியில ஏறி வந்திருக்கலாமே?"

"ஏத்திக்கிறோம்னுதான் சொன்னாங்க. எல்லாரும் சொந்தக் கால்ல வர்ற இடத்துல நான் மட்டும் வண்டியில போய் இறங்கினா நல்லாவா இருக்கும்?"

அந்தப் பதில் ஸ்டெய்னாருக்குப் பிடித்துப்போயிற்று. குனிந்து அவள் பலகையைப் புரட்டிப் பார்த்தான்.

"அதானே பார்த்தேன். நடுவுல மெழுகே பூசலையே. ஏறினா பின்னாடிதான் வழுக்கும்."

தன் பையிலிருந்த நீல மெழுகை எடுத்து இரண்டு பலகையிலும் தேய்த்தான். தக்கையால் அழுத்தி வழவழப்பாக்கினான். அவள் தோள்பையையும் வாங்கி மாட்டிக்கொண்டான். உள்ளே கண்ணாடி 'கிணுங்' என்றது.

"பாட்டிலா அக்கா?"

"ஆமா, பத்திரம். எல்லாருக்கும் ஒரு வாய் வரும். உங்களுக்கும்தான்."

"அடடா, உங்களைப் போன ஞாயித்துக்கிழமையே பார்க்காமப் போயிட்டேனே."

இருவரும் கிளம்பினார்கள். பனியில் வெட்டியிருந்த இரட்டைத் தடத்தில் அவள் கால்களை வைக்கச் சொன்னான்.

"நடக்காதீங்க. ஒரு கால்ல முழு பாரத்தையும் போடுங்க, உந்துங்க, விட்டுடுங்க. பலகை தானாப் போகும். அதை நம்புங்க."

அவள் உந்தினாள். பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. மார்ச் மாத வெயிலில் பனி மின்ன, இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள் பின்னால் நகர்ந்தன.

"போறேன் தம்பி, நான் போறேன்," என்று சின்னப் பெண்போலக் கூவினாள். அந்தச் சந்தோஷத்தோடேயே ஒரு பனிக்குவியலில் போய் விழுந்தாள். பக்கவாட்டில்தான் விழுந்தாள்.

"சபாஷ். சொன்ன மாதிரியே விழுந்தீங்க."

கடைசி ஏற்றம் செங்குத்தாக இருந்தது. அவள் மலைத்துப்போய் நின்றாள்.

"மீன் முள்ளு பார்த்திருக்கீங்கல்ல? நடுமுள்ளுலேருந்து ரெண்டு பக்கமும் விரியுமே, அந்த மாதிரி பலகைங்களோட முன்பக்கத்தை விரிச்சு வைச்சு ஏறுங்க."

"மீன் முள்ளா? தீவுக்காரிகிட்ட இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

விறுவிறுவென்று ஏறினாள். பின்னால் வந்த ஸ்டெய்னார் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று தாண்டிவிட்டது. அந்த மணி அடித்துவிடக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மேட்டில் ஏறினார்கள். கோயிலுக்கு வெளியே சனங்கள் வெயில் காய்ந்துகொண்டு நின்றார்கள். மணி இன்னும் அடிக்கவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க அக்கா. நல்ல வேளை, புதுப் பாதிரியாரும் லேட்டு போல இருக்கு."

"பாவம் தம்பி, வழியெல்லாம் விழுந்து எழுந்துல்ல வர்றாங்க," என்றாள் போர்கில்ட், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவன் விழித்தான். அதற்குள் வாசலில் நின்ற ஒருவர் இவளைக் கண்டதும் ஓடிப்போய் மணிக்கயிற்றை இழுத்தார். போர்கில்ட் அவன் தோளிலிருந்த பையை வாங்கித் திறந்தாள். ஆராதனையில் எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கும் அப்பமும் திராட்சை ரசமும் நொறுங்காமல், சிந்தாமல் வந்து சேர்ந்திருந்தன. அவற்றின் அடியிலிருந்து ஒரு வெள்ளை அங்கியை உதறி எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டாள்.

"முன் வரிசையில உட்காருங்க தம்பி. பிரசங்கத்தைச் சுருக்கமா முடிச்சுடறேன், வாஃபிள் ஆறிடக் கூடாது."