மைக்கில் சொன்ன கதை

உடையப்பன் லூயிஸைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவனோடு சண்டை போடப் போனபோதுதான்.

ஈப்போவில் ஆஸ்பத்திரிக் கட்டில். லூயிஸ் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். உடம்பு எப்படி என்றுகூட உடையப்பன் கேட்கவில்லை.

"ஏன்டா பொய் சொன்ன?"

"வாங்கண்ணே. எந்தப் பொய்? நான் நெறைய சொல்லியிருக்கேன் லா."

"திருவிழாவுல மைக்குல சொன்ன பொய்."

லூயிஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

அது எழுபத்து நாலில். ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. திடலில் திரை கட்டியாகிவிட்டது. வரவேண்டிய தமிழ்ப் படப் பெட்டி வழி மாறி பாகான் டத்தோ பக்கம் போய், அன்று காலை ஓர் இந்திப் படம் வந்து சேர்ந்தது. ஈப்போவில் சிந்திக்காரர் துணிக்கடையில் வேலை பார்த்த லூயிஸுக்கு இந்தி தெரியும். அந்தப் படத்தை டவுனில் பார்த்தும் இருந்தான். "ஓட ஓடத் தமிழ்ல சொல்லு" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பாதிப் படத்தில், ஒரு பணக்கார வீட்டு வாசலுக்கு, ஆணாகப் பிறந்து சேலை கட்டிய ஒருத்தி கைதட்டிக்கொண்டு வந்தாள்.

திடல் முழுக்கச் சிரிப்பு. "டேய், பொண்டான்டா!" என்று ஒருவன் விசில் அடித்தான். சிலர் திரும்பி உடையப்பனைப் பார்த்தார்கள்.

அவருடைய மூத்த பிள்ளை ராஜு, சேலை கட்டி, நவமணி என்று பெயரும் வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. லயத்து வீட்டுப் பக்கம் வந்தால் வெட்டுவேன் என்று சொல்லி அனுப்பியவர் உடையப்பன். அவர் மனைவி செல்லாயி ஞாயிறுதோறும் கருவாடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஈப்போ பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்பாள். கருவாடு இல்லாமல் திரும்பி வருவாள்.

மைக்கில் லூயிஸின் குரல் கேட்டது.

"சிரிக்காதீங்க லா. இது இந்த வீட்டு மூத்த பிள்ள. ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கு."

திரையில் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"அப்பா சொல்றாரு: 'உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஊர் சிரிக்குமேன்னு பயம். அந்தப் பயத்துல உன்னத் தொலைச்சிட்டேன். உள்ள வா.'"

"கத்துறானே லா?" என்றான் பத்துமலை, கூட்டத்திலிருந்து.

"சில ஆம்பளைங்களுக்குப் பாசம் வந்தா மூஞ்சி அப்படித்தான் போகும்."

வீட்டுக்காரர் விளக்குமாற்றைத் தூக்கினார்.

"வாசலைக் கூட்டச் சொல்றாரு. பிள்ள வந்திருக்குல்ல."

அடுத்த ஞாயிறு பஸ் ஏறியது உடையப்பன். நவமணி வேலை செய்த தையல் கடை வாசலில் நின்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. மைக்கில் கேட்டதையே ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். நவமணி தையல் மெஷினை மூடிவிட்டு வந்துவிட்டாள்.

தோட்டத்தில் யாராவது வாயெடுத்தால், "இந்திக்காரனே கூப்பிட்டுக்கிட்டான், எனக்கென்ன?" என்பார். செல்லாயி நாலு வருஷம் மகள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

"முந்தாநேத்து டிவியில அந்தப் படத்தப் போட்டான்," என்றார் உடையப்பன். "நவமணியப் பக்கத்துல உக்கார வச்சேன். 'பாரு, இதப் பாத்துட்டுத்தான் உன்னக் கூப்பிட வந்தேன்'னு பெருமையாச் சொன்னேன். அடியில மலாய் எழுத்து ஓடுது. 'இந்தச் சனியன அடிச்சுத் துரத்து'ங்கிறான் அந்த ஆளு. வெளக்குமாத்தால அடிக்கிறான். அத்தன பேரும் சிரிக்கிறானுங்க. அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. இன்னும் பேசல. நான் அவ மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

"படத்துல அதாண்ணே இருக்கு. அவங்களப் படத்துல கொண்டு வர்றதே நம்மளச் சிரிக்க வைக்கத்தான்."

"அத மாத்த நீ யாரு? என் குடும்பம் உனக்கு வெளையாட்டா?"

"நான் மாத்தலண்ணே. எனக்கு அப்படியெல்லாம் பேச வருமா? அன்னைக்கு மத்தியானம் கோயில்ல காய் நறுக்கிக்கிட்டிருந்த பொம்பளைங்ககிட்ட படத்தோட கதையச் சொன்னேன். செல்லாயி அக்கா என்னத் தனியா ஜெனரேட்டர் பக்கம் கூட்டிட்டுப் போச்சு. 'தம்பி, அந்த எடம் வந்தா நான் சொல்றதச் சொல்லு'ன்னு வார்த்த வார்த்தையாச் சொல்லிக் குடுத்துச்சு. வெளக்குமாறு வரைக்கும் அக்கா சொன்னதுதான்."

உடையப்பன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'நான் சொன்னா அவரு எந்திரிச்சுப் போயிடுவாரு தம்பி. படத்துல சொன்னா உக்காந்து கேப்பாரு'ன்னுச்சு."

உடையப்பன் வீட்டுக்கு வந்தபோது நவமணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அடுப்படி வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்குத் தையல் கடையில நான் பேசினேன்ல. அது என் பேச்சு இல்லம்மா. படத்துப் பேச்சும் இல்ல. உங்கம்மா பேசினது."

நடந்ததை எல்லாம் சொன்னார். நவமணி கை கழுவ மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"அம்மா வேற என்னப்பா சொல்லுச்சாம்?"

"நாளைக்குக் கேட்டுட்டு வாரேன்."

மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

தோட்டத்து லயத்தை இடித்துவிட்டார்கள். படம் காட்டிய திடலில் செம்பனை நிற்கிறது. இப்போது ஈப்போவில் ஒரு வாடகை வீட்டில் உடையப்பனும் அவர் மகளும் இருக்கிறார்கள்.