பஸ் ஸ்டாப் மாதாஜி

"யார் பார்த்த வேலை இது?"

சதாசிவம் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

டெல்லி கிட்வாய் நகர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி, வேப்பமரத்தடியில் நிற்கும் மைல் கல்லுக்கு ஒரே ராத்திரியில் தெய்வ யோகம் அடித்திருந்தது. உச்சியில் மஞ்சள், நடுவில் பெரிய வட்டமாகக் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, அதற்கு மேல் ஜரிகை வைத்த சிவப்புத் துணி. ஆட்டோக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாதாஜி ஹை, சாப்," என்றார் அவர் பயபக்தியோடு.

"மாதாஜியும் இல்லை, பிதாஜியும் இல்லை! வெள்ளைக்காரன் நட்ட மைல் கல்லய்யா இது!" என்று தமிழிலேயே வெடித்தார் சதாசிவம். கோபம் வந்தால் அவருக்கு இத்தனை வருஷத்து ஹிந்தியும் மறந்துபோகும்.

அந்தக் கல் என்றால் அவருக்கு உயிர். 'டெல்லி ஐந்து மைல்' என்று இங்கிலீஷிலும் உருதுவிலும் வெட்டியிருப்பதை அண்டை அயல், ஆபீஸ் என்று ஒருத்தர் விடாமல் இழுத்து வந்து காட்டியிருக்கிறார். நடைபாதையை அகலப்படுத்தப் போகிறார்கள், கல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குச் சரியான தூக்கமில்லை. இது வரலாற்றுச் சின்னம், பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள் என்று கேட்டு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "லிஸ்ட்டில் இல்லையே" என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கையில் சொம்பும் மறு கையில் பூவுமாக அருக்காணி வந்தாள். அவருக்குக் கீழ் வீட்டுக்காரி, ஈரோட்டுப் பக்கம்.

"நீயா? நீயாம்மா இதைச் செஞ்சே?"

"ஆமாங்கண்ணா. கொஞ்சம் நான் சொல்றதக்..."

"என்னத்தைக் கேக்கறது? உன் பொண்ணுக்கு இந்தக் கல்லைக் காட்டி எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கேன்! கண்ட கல்லுக்கும் பொட்டு வெச்சா சாமி ஆயிடுமா? நாளைக்கு உண்டியல் வெப்பே, நாளன்னிக்குக் கொட்டகை போடுவே!"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்கண்ணா. நாளைக்கு நானே கழுவி உட்டர்றனுங்க."

"இந்த நிமிஷமே போகணும்!"

சொம்பைப் பிடுங்கித் தண்ணீரை ஊற்றினார். கைக்குட்டையால் தேய் தேய் என்று தேய்த்தார். மாலையையும் துணியையும் அவள் கையிலேயே திணித்தார். ஆட்டோக்காரர் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். அருக்காணி ரோட்டு முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல் பளிச்சென்று ஆனது. அதைத் தடவிக்கொடுத்துவிட்டு அவர் நிமிர்வதற்கும் ஜேசிபி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"ஹட்டியே அங்கிள்," என்று விலகச் சொல்லிக் கையை ஆட்டினான் சூப்பர்வைசர். கல்லை எடுக்க வேண்டுமாம். மத்தியானத்துக்குள் நடைபாதைக்குக் கான்கிரீட் போட வேண்டுமாம்.

மறந்த ஹிந்தியெல்லாம் சதாசிவத்துக்குத் திரும்பி வந்தது. வரலாறு என்றார், பழமை என்றார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

"அச்சா அங்கிள், அச்சா. ஜல்தி ஹட்டியே!"

சதாசிவம் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு ஆட்கள் வந்து அவரைத் தோளைப் பிடித்து விலக்கினார்கள். ஜேசிபியின் இரும்புக் கை மேலே எழும்பியது.

அருக்காணி குறுக்கே புகுந்தாள். இடுப்பில் செருகியிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துக் கல்லில் அப்பினாள். துணியைப் போர்த்தினாள். மாலையைச் சாத்தினாள். "ஜெய் மாதா தீ!" என்று அவள் போட்ட கூச்சல் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜேசிபி டிரைவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து கும்பிட்டார். நான் பிள்ளைகுட்டிக்காரன், இதன் மேல் கை வைக்க மாட்டேன் என்று ஹிந்தியில் அடித்துச் சொல்லிவிட்டார். அதற்குள் கூட்டம் வேறு கூடிவிட்டது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தான். நடைபாதைக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் கல்லைச் சுற்றி வளைத்துப் போடச் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

சதாசிவம் அருக்காணி பக்கம் திரும்பினார்.

"அப்போ நீ... சாமின்னு நினைச்சு வெக்கலையா?"

"மைல் கல்லுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நேத்து நீங்க ஆபீஸ் போனதுக்கப்புறம் நடைபாதைக்காரங்க வந்து, நாளைக்குக் கல்ல எடுத்துருவோம்னு பேசிட்டுப் போனாங்க. கல்லுன்னா எடுத்துருவாங்க, சாமின்னா தொட மாட்டாங்கன்னு தோணுச்சுங்க. உங்ககிட்டச் சொன்னா விட்டிருப்பீங்களா?"

"எனக்குத்தான் வரலாறு, பழமைன்னு பைத்தியம். உனக்கு என்னம்மா வந்தது?"

"உங்களுக்கும் வரலாத்துப் பைத்தியம் இல்லீங்கண்ணா," என்றாள் அருக்காணி மெதுவாக. "சாயங்காலமானா வைதேஹியக்கா காய்கறிப் பைய இந்தக் கல்லு மேல வெச்சுட்டு உங்க பஸ்ஸுக்குக் காத்துட்டு நிப்பாங்களே. அக்கா தவறிப்போனதுல இருந்து, பஸ்ஸ விட்டு எறங்குனதும் நீங்க இந்தக் கல்லத் தொட்டுட்டுத்தானுங்களே வீட்டுக்குப் போறீங்க. ஜன்னல்ல இருந்து தெனமும் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

எந்த ஆபீஸிலும் அவர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னதில்லை.

சதாசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவசரத்தில் அப்பிய குங்குமம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. விரல் நுனியால் அதை மெல்ல வட்டமாகத் திருத்தினார்.

"பொட்டு கோணலா இருந்தா வைதேஹிக்குப் பிடிக்காதும்மா," என்றார்.